ஸ்ரீவைகுண்டம் கோட்டையும் அண்டை வீட்டுச் சன்னலும்

தாமிரபரணிக் கரை ஊர்களில் இன்று புதிதாக வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே காம்பவுண்டுச் சுவரின் உயரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். நெல்லையின் பழைய வளவு வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றக்கூடும். அங்கே ஒரே முற்றத்தைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. தார்சாவில் பேசுவது அடுத்த வீட்டு அடுக்களை வரை கேட்கும். நுழையும்போது தொண்டையைச் செருமிக்கொள்வது, கேட்டதைக் கேளாதது போல் இருப்பது போன்ற பழக்கங்களே அங்கு மறைவைக் காத்தன.

இதே பள்ளத்தாக்கில் இதற்கு முற்றிலும் மாறான ஏற்பாடு ஒன்றும் நிலவியது. ஆற்றின் வடகரையில், குமரகுருபரர் பிறந்த ஸ்ரீவைகுண்டத்தில், ஒரு சிறு சமூகம் தன் வீடுகள் அனைத்தையும் ஒரே மண்கோட்டைக்குள் அமைத்துக்கொண்டு பல தலைமுறைகள் வாழ்ந்தது. அவர்கள் கோட்டைப் பிள்ளைமார் எனப்பட்டனர். நெல்வயல்களை உடைமையாகக் கொண்ட வேளாளர்கள். ஆண்கள் வெளியே சென்று வருவார்கள். பெண்கள் அந்த மதிலைத் தாண்டுவதில்லை. இறந்த பிறகே வெளியே கொண்டுசெல்லப்படுவார்கள் என்பது மரபு. வெளி ஆண்கள் உள்ளே நுழையக் கடும் கட்டுப்பாடு இருந்தது. திருமணமும் அச்சிறு குழுவுக்குள்ளேயே நிகழ்ந்தது. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் இவர்களைப் பற்றிய குறிப்பு உண்டு. பின்னர் மானிடவியலாளர் கமலா கணேஷ் இச்சமூகத்தை விரிவாக ஆராய்ந்து, எல்லைச் சுவர்கள் என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் 1993இல் ஒரு நூலை வெளியிட்டார்.

சங்க அகப்பாடல்களைப் பயின்றவர்களுக்கு இற்செறிப்பு என்ற சொல் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே இற்செறிப்பு களவொழுக்கத்தின் ஒரு கட்டம் மட்டுமே. களவு கற்பாக மலரும்போது அது முடிந்துவிடும். கோட்டையில் அதற்கு முடிவே இல்லை. ஒரு குடும்பத்தின் அச்சமாக இருந்தது இங்கே ஒரு சமூகத்தின் பெருமையாகி, மண்ணால் எழுப்பப்பட்டு நின்றது.

இதற்கும் அண்டை வீட்டாரின் வேலித் தகராறுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். தொடர்பு சட்டத்தின் வழியே வருகிறது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் தன் 18ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. அண்டை வீட்டின் அந்தரங்கத்தைக் குலைக்கும்படி புதுச் சன்னல் திறக்கக்கூடாது என்பது ஓர் ஊரின் வழக்கமாக இருந்தால், அவ்வழக்கமே அங்குள்ளோருக்கு உரிமையாகும் என்கிறது அது. இச்சட்டம் தொடக்கத்திலேயே நடைமுறைக்கு வந்த பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. திருநெல்வேலியும் அதில் அடங்கும்.

எனினும் தீர்ப்புகள் இரு திசைகளில் சென்றன. 1888இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், தலைமை நீதிபதி ஜான் எட்ஜ் வழங்கிய தீர்ப்பில், கோஷா முறை நிலவும் வட மாகாணங்களில் அந்தரங்கம் வழக்காறு சார்ந்த உரிமையே என்று ஏற்றது. எதிர் வீட்டுக்காரர் புதிதாகத் திறந்த வாயில்கள் அங்கே வழக்காயின. 1894இல் சென்னை உயர் நீதிமன்றமோ, சன்னல் திறப்பதால் அந்தரங்கம் குலைவது வழக்குத் தொடரத்தக்க தீங்கு ஆகாது என்றது. பார்வை படாமல் இருக்க விரும்புகிறவர் தன் நிலத்தில் சுவர் எழுப்பிக்கொள்ளலாம் என்பதே சென்னையின் நியாயம்.

அந்த நியாயத்தில் ஒரு தெளிவு உண்டு. யாருடைய சன்னலையும் யாரும் அடைக்க வேண்டியதில்லை. ஆனால் அது மறைவைச் சுவர் எழுப்ப வசதியுள்ளவரின் உடைமையாக்கிவிடுகிறது. ஸ்ரீவைகுண்டத்தின் பெண்கள் கோட்டைக்குள் பார்வை படாமல் வாழ முடிந்ததற்குக் காரணம், அதே ஆற்றங்கரையின் வயல்களில் வேறு பெண்கள் வெயிலில், ஊர் பார்க்க, நாற்று நட்டதுதான். மதிலுக்குள் இருந்தவர்களுக்கு வெளியேறும் உரிமை இல்லை. மதிலுக்கு வெளியே இருந்தவர்களுக்கு மறைந்துகொள்ள இடம் இல்லை. சுவரின் உயரத்தைத் தீர்மானித்ததில் இந்த இரு சாராருக்கும் பங்கு இருந்திருக்காது.

சுவரின் மறுபுறத்தில் இருப்பவரை மறப்பது பழங்கதையுமல்ல. 2019 டிசம்பர் 2 அன்று, மேட்டுப்பாளையம் நடூரில், ஒரு வீட்டைச் சுற்றி ஏறத்தாழ 20 அடி உயரத்துக்கு எழுப்பப்பட்டிருந்த சுவர் கனமழையில் சரிந்து, கீழே இருந்த தலித் குடியிருப்பின் மேல் விழுந்தது. 17 பேர் இறந்தனர். அது தீண்டாமைச் சுவர் என்று அங்கு வாழ்ந்தவர்கள் சொன்னார்கள். தன் நிலத்தில் தான் சுவர் எழுப்புவதில் யாருக்கு என்ன நட்டம் என்ற கேள்விக்கு நடூர் ஒரு விடை.

2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அந்தரங்கம் இடத்தைச் சார்ந்தது என்பதைவிட மனிதரைச் சார்ந்தது என்றும், ஆணாதிக்கத்தை மூடிமறைக்கும் திரையாக அது பயன்படக்கூடாது என்றும் அத்தீர்ப்பு கூறியது. ஸ்ரீவைகுண்டத்தை மனத்தில் வைத்துப் படித்தால் அவ்வரிகளின் கனம் கூடுகிறது. கோட்டைக்குள் காக்கப்பட்டது குழுவின் மறைவு. அதற்குள் வாழ்ந்த ஒரு பெண்ணுக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள எவ்வளவு மறைவு இருந்தது என்பது வேறு கேள்வி.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. மண்மதிலும் கரைந்து சிதைந்தது. ஊரைச் சுற்றி எழுப்பிய சுவர் போய், வீட்டுக்கு வீடு சுவர் வந்திருக்கிறது. இனி ஒரு மதிலைப் பார்க்கும்போது அது எத்தனை அடி என்று கேட்பதோடு, அதை யார் கேட்டார்கள், யார் அதன் நிழலில் இருக்கிறார்கள் என்றும் கேட்கலாம்.