முந்திரி, மாகாணி, பலாச்சுளை: திண்ணைப் பள்ளிக்கூடத்துக் கணக்கு

காரவள்ளியில இருந்துதான் கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவும் ஆரம்பம். பலா சீசன்ல மலையில இருந்து இறங்குற வண்டியெல்லாம் பழமாத்தான் இருக்கும். டவுன்ல இருந்து வர்றவங்க விலை கேக்கறதுக்கு முன்னாடி கேக்கறது, "உள்ள எத்தனை சுளைங்க இருக்கும்?"

இந்தக் கேள்விக்குச் சில நூறு வருசத்துக்கு முன்னாடியே பதில் எழுதி வச்சிருக்காங்க. காரி நாயனார் எழுதின 'கணக்கதிகாரம்'னு ஒரு நூல். முழுக்கவும் கணக்கு, ஆனா செய்யுளா இருக்கும். அதுல பலாச்சுளைக்கு ஒரு வழி சொல்றார். காம்பை ஒட்டிச் சுத்தியிருக்கிற சிறு முள்ளுகளை எண்ணணும். அதை 6-ஆல பெருக்கி 5-ஆல வகுக்கணும். 100 முள்ளுன்னா 120 சுளை.

நானும் சில பழத்துல போட்டுப் பாத்திருக்கேன். சில சமயம் கிட்ட வரும், சில சமயம் எட்டப் போயிடும். எந்த முள்ளு வரைக்கும் எண்ணறதுங்கறதுலயே ரெண்டு பேருக்குள்ள சண்டை வந்துடும். ஆனா ஒரு வகுப்புக்கு இதைவிட நல்ல கணக்குப் பாடம் எனக்குத் தெரியல. எண்ணணும், பெருக்கணும், வகுக்கணும், அப்புறம் பழத்தை அறுத்து நிசமாவே எத்தனைன்னு பாக்கணும், சூத்திரம் எவ்வளவு தள்ளிப் போச்சுன்னு சொல்லணும். கையில தடவ எண்ணெய் மட்டும் மறக்காம வாங்கி வச்சுக்கணும்.

அதே நூல்ல வட்டத்துக்கும் வழி இருக்கு. சுற்றளவுல பாதியை விட்டத்துல பாதியால பெருக்கினா பரப்பளவு. நெல்லடிக்கிற களம் 14 அடி விட்டம், சுத்தி 44 அடி இருக்குன்னு வைங்க. 22-ஐ 7-ஆல பெருக்கினா 154 சதுர அடி. 'பை'ங்கற பேரே தேவையில்ல. ஒரு கயிறு போதும்.

இப்படிப்பட்ட கணக்குக்கெல்லாம் அடிப்படை போட்ட இடம் திண்ணைப் பள்ளிக்கூடம். பையன் மணல்ல விரலால எழுதிப் பழகுவான். அப்புறம் ஓலைக்குப் போவான். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்றுன்னு ஒவ்வொண்ணா மனப்பாடம். குழிமாற்று நிலத்தை அளக்க. நெல்லிலக்கம் தானியத்துக்கு. அதோட அளவுகள் 360 நெல் ஒரு செவிடுன்னு ஆரம்பிக்கும். 5 செவிடு ஆழாக்கு, 2 ஆழாக்கு உழக்கு, 2 உழக்கு உரி, 2 உரி நாழி. நாழிங்கறது நம்ம படிதான். 8 நாழி குறுணி, 12 குறுணி ஒரு கலம். ஒரு படியில எத்தனை நெல்லுன்னு நீங்களே போட்டுப் பாருங்க, 14,400 வரும்.

பொன்னிலக்கத்துல பின்னம். இங்கதான் எனக்கு ஆச்சரியம். இப்ப பின்னம்னாலே பிள்ளைங்க மிரளுது. அப்ப ஒவ்வொரு பின்னத்துக்கும் ஒரு பேரு இருந்துச்சு. முந்திரின்னா 320-ல ஒண்ணு, காணி 80-ல ஒண்ணு, மா 20-ல ஒண்ணு. மாவையும் காணியையும் கூட்டினா 80-ல அஞ்சு, அதாவது 16-ல ஒண்ணு. அதுக்குப் பேரே மாகாணி! கூட்டல் விடை அந்தச் சொல்லுக்குள்ளயே உக்காந்திருக்கு. அதையே வீசம்னும் சொல்லுவாங்க. ரூபாய்க்கு 16 அணா இருந்த காலத்துல ஓரணாங்கறது ஒரு ரூபாயில வீசம். சந்தைக்குப் போன பையன் பின்னத்தைக் கையில பிடிச்சிருந்தான்.

புதுச்சேரியில ஆய்வு பண்ற செந்தில் பாபு இந்தச் சுவடிகளையெல்லாம் படிச்சு 2022-ல இங்கிலீஷ்ல ஒரு புத்தகம் கொண்டு வந்திருக்கார். வெறும் மனப்பாடம்னு நாம ஒதுக்கினது உண்மையில நினைவை வச்சுக் கணக்குப் போடப் பழக்குற பயிற்சிங்கறதை அவர் விளக்கற விதம் எனக்குப் பிடிச்சுது.

வெள்ளைக்காரன் இதைக் கவனிக்காம இல்ல. சென்னை எழும்பூர்ல ராணுவ அநாதைப் பிள்ளைங்க விடுதிக்கு 1789-ல பொறுப்பேத்த ஆண்ட்ரூ பெல், நம்ம பிள்ளைங்க மணல்ல எழுதறதைப் பாத்துட்டுத் தன் விடுதியிலயும் ஆரம்பிச்சார். அங்க இருந்த வாத்தியார்கள் ஒத்துழைக்கல. எட்டு வயசுப் பையன் ஒருத்தனை விட்டுச் சின்னவங்களுக்குச் சொல்லிக்குடுக்க வச்சார். நம்ம சட்டாம்பிள்ளை ஏற்பாடுதான். 1797-ல லண்டன்ல அதைப் புத்தகமா போட, 'மெட்ராஸ் முறை'ன்னு இங்கிலாந்து முழுக்கப் பரவுச்சு. ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்ல 'மெட்ராஸ் காலேஜ்'னு ஒரு பள்ளிக்கூடம் இன்னைக்கும் இருக்கு.

அதுக்காகத் திண்ணையைச் சொர்க்கம்னு நினைச்சுடாதீங்க. 1822-ல கவர்னர் தாமஸ் மன்றோ கணக்கெடுக்கச் சொன்னார். மெட்ராஸ் மாகாணத்துல 12,498 பள்ளிக்கூடம், 1,88,650 பிள்ளைங்க. அதுல பொண்ணுங்க 4,540 பேர்தான். தலித் பிள்ளைங்களுக்குப் பெரும்பாலும் அந்தத் திண்ணையில இடமே இல்ல. உக்காந்த பிள்ளைங்களுக்கும் உத்தரத்துல கயித்தைக் கட்டித் தொங்கவிடுற கோதண்டம் மாதிரி தண்டனை இருந்துச்சு. வீசமும் முந்திரியும் தெரிஞ்சவன் கணக்குப்பிள்ளை ஆனான். அவன் போட்ட கணக்கு சரியா தப்பான்னு கேக்க, களத்துல நின்ன கூலிக்காரனுக்கு வழி இல்ல. எனக்கு அதுதான் உறுத்துது.

1956-ல மெட்ரிக் அளவைச் சட்டம் வந்துச்சு. அடுத்த வருசம் நயா பைசா. கொஞ்ச நாள்ல அணாவும் போச்சு, அதோட வீசமும் போச்சு. லிட்டரும் கிலோவும் எல்லாருக்கும் ஒரே அளவு, வியாபாரிகிட்ட ஏமாறாம இருக்கலாம். அது நல்லதுதான். ஆனா பாடத்துல பின்னம் மட்டும் தங்கிடுச்சு, அதை அளந்து காட்டின பாத்திரம் வகுப்புக்குள்ள வரல.

2003-ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல அட்டையை வச்சுச் செயல்வழிக் கற்றல் ஆரம்பிச்சு, பிறகு தமிழ்நாடு பூரா வந்துச்சு. 2022-ல 'எண்ணும் எழுத்தும்' வந்திருக்கு. மணி, குச்சி, அட்டைன்னு பிள்ளைங்க கையில பொருள் வந்தது பெரிய விசயம். அதோட ஒரு படி, ஒரு உழக்கு, ஒரு ஆழாக்கையும் சேத்து வைக்கலாம். எட்டு ஆழாக்கு ஊத்தினா படி நிறையும். எட்டுல ஒண்ணு, அதான் அரைக்கால், எவ்வளவுன்னு கண்ணுக்கே தெரிஞ்சுடும்.

வாத்தியாருங்க யாராவது கேட்டா எங்க அப்பாரு காலத்து இரும்புப் படியைக் குடுக்கத் தயாரா இருக்கேன். அடியில நசுங்கியிருக்கு, கொஞ்சம் குறைச்சலாத்தான் பிடிக்கும். எவ்வளவு குறையுதுன்னு பிள்ளைங்களே அளந்து சொல்லட்டும்.