ஏ டிரைவ் காலத்துப் பழக்கம்

இன்னைக்கு எபிசோட் என்னோட சொந்தக் கூத்துலருந்து தொடங்குது.

போன மாசம் ஒரு ராத்திரி லேப்டாப்பை ஆன் பண்றேன். கறுப்புத் திரை, மூலையில ஒரு சின்னக் கோடு மட்டும் சிமிட்டுது. உள்ளே எங்க பாட்டி பேசின நாலு மணி நேர ஆடியோ இருக்கு. பாட்டி இப்போ இல்ல. அதுக்கு வேற காப்பியும் இல்ல. காப்பி எடுக்கணும்னுதான் அன்னைக்கே ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி மாட்டியிருந்தேன்.

தெரிஞ்சவர் ஒருத்தர் போன்ல, "விண்டோஸ் போயிருச்சு, ஃபார்மட் பண்ணிடுங்க"ன்னார். அதுக்கான பென் டிரைவைச் செருக இடம் வேணும்னு ஹார்ட் டிஸ்க் கேபிளை உருவிட்டு, திரும்ப ஆன் பண்ணினேன். பென் டிரைவை செருகவே இல்ல, அதுக்குள்ள லேப்டாப் ஒண்ணுமே நடக்காத மாதிரி எழுந்திருச்சு!

வெளியே மாட்டின டிஸ்க், உள்ளே இருக்கிற விண்டோஸை எப்படித் தடுக்கும்? பதிலுக்கு 1981-க்குப் போகணும்.

அந்த ஆகஸ்ட்டில் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. ஆன் செய்ததும் பயாஸ் என்ற சிப் மென்பொருள் ஃப்ளாப்பியைத் தேடும். அதன் முதல் 512 பைட்டை மெமரியில் ஏற்றி, "இனி உன் பொறுப்பு"ன்னு ஒதுங்கிடும். 1983-ல் பிசி எக்ஸ்டி 10 எம்பி ஹார்ட் டிஸ்க்கோடு வந்தது. ஏ, பி ரெண்டும் ஃப்ளாப்பிக்குப் போயிட்டதால ஹார்ட் டிஸ்க்குக்கு சி கிடைச்சது. நம்ம சி டிரைவ் இன்னைக்கும் அதேதான். தேடுற வரிசையும் அப்படித்தான்: முதலில் வெளியே இருக்கிற ஏ, அப்புறம் உள்ளே இருக்கிற சி. உள்ளே கெட்டுப்போனா வெளியிலிருந்து காப்பாத்தலாம் இல்லையா?

அந்த நம்பிக்கைக்கு ஒரு விலை இருந்தது. 1986-ல் லாகூரிலிருந்து கிளம்பிய பிரெயின் வைரஸ், ஃப்ளாப்பியின் அந்த முதல் செக்டரில்தான் குடியேறியது. மறந்துபோய் டிரைவிலேயே விட்ட ஃப்ளாப்பியோட கம்ப்யூட்டரை ஆன் பண்ணினா போதும், வைரஸ் மெமரிக்கு வந்துடும். அதே வழியில் பரவிய மைக்கலாஞ்சலோ வைரஸ் மார்ச் 6-ம் தேதி டிஸ்க்கை அழிக்கும்னு 1992-ல் உலகமே பதறியது. பயந்த அளவுக்கு ஒண்ணும் நடக்கல. ஆனா "பூட் வரிசையில் சி-யை முன்னாடி வை"ங்கிற அறிவுரை நிலைச்சது.

பிறகு 1995-ல் சிடியிலிருந்து பூட் செய்யும் தரநிலை வந்தது. அடுத்து யுஎஸ்பியும் வரிசையில் சேர்ந்தது.

என் பழைய லேப்டாப்பில் யுஎஸ்பிதான் முதலில் இருந்திருக்கு. புது டிஸ்க்கின் முதல் செக்டர் முடிவில் 55, ஏஏ என்ற முத்திரை இருந்தா, பயாஸுக்கு அதுவே போதும். நம்பி ஒப்படைச்சிடும். அங்கே விண்டோஸ் இல்லேன்னா? ஒப்படைச்சது ஒப்படைச்சதுதான், பல சமயம் அப்படியே நின்னுடும்.

அதனால, மக்களே, லேப்டாப் எழலேன்னா முதல்ல வெளியே மாட்டினதை எல்லாம் உருவுங்க. எழுந்துடுச்சா? எஃப்2 அல்லது டெலீட் மாதிரி உங்க லேப்டாப்புக்கான கீயை அழுத்தி பயாஸ் செட்டிங்ஸுக்குள்ள போய், பூட் வரிசையில உள் டிஸ்க்கை மேலே ஏத்துங்க. அப்பவும் டிஸ்க்கை மாட்டினா நிக்குதுன்னா, கேபிளையும் போர்ட்டையும் மாத்திப் பாருங்க. ஃபார்மட் கடைசி வழி.

நான் வரிசையை மாத்தி, அதே டிஸ்க்கை மாட்டியே ஆன் பண்ணிப் பார்த்தேன். எழுந்திருச்சு. பாட்டி குரல் இப்போ ரெண்டு இடத்துல இருக்கு. உங்க வீட்டுக் குரல் எத்தனை இடத்துல இருக்குன்னு இன்னைக்கே பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.