வடவைத் தீயும் மன்னார்க் கடலடியும்

கடலுக்கடியில் ஓயாது எரியும் நெருப்பொன்று உண்டு என்பதும், அது நீரை உண்பதாலேயே கடல் கரை கடவாதிருக்கின்றது என்பதும் நம்மிடையே வழங்கிவரும் புராண மரபு. வடவைத் தீ எனப்படும் அது நீரைக் குடிக்கும் நெருப்பு. நீரால் பாறை உருகிக் குழம்பாகும் என்று இன்றைய புவிச்சரிதவியல் கூறுகின்றது. இரண்டிலும் கடலும் தீயும் வருதல் கண்டு, முன்னையதைப் பின்னையதன் முன்னறிவாகக் கொள்ள விழைவோர் உளர். அது பொருந்துமா என்பதை மன்னார்க் கடலடி தரும் சான்றுகொண்டு நோக்குவோம்.

மன்னார்த் தீவின் பேசாலையில் 1970களில் எண்ணெய் தேடிக் கிணறுகள் துளைக்கப்பட்டன. வணிகத்துக்குப் போதிய எண்ணெய் கிட்டவில்லை. பின்னர், 2011இல் மன்னார் வளைகுடாவின் ஆழ்கடலில் கெயான் லங்கா நிறுவனம் துளைத்த பராகுடாக் கிணறு, எரிவாயுவோடு பசாற்றுப் பாறைப் படைகளையும் வெளிப்படுத்திற்று. பசாற்று, உறைந்த பாறைக்குழம்பாகும். எனவே இக்கடலடியிலும் ஒருகாலத்தில் தீ இருந்தது. ஆயினும் அதற்கு நீர் காரணமாகவில்லை. கொண்டுவானாப் பெருநிலம் பிளவுற்ற காலத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே புவியோடு இழுபட்டு மெலிந்தது. கீழிருந்த வெப்பப் பாறை மேலெழுந்தது. அதன்மீதிருந்த அமுக்கம் குறைந்தமையால் உருகிற்று என ஆய்வாளர் விளக்குவர்.

நீர் காரணமாகப் பாறை உருகும் இடத்தைக் காணக் கிழக்கே செல்லல் வேண்டும். 2004 டிசெம்பர் 26ஆந் தேதி நம் கிழக்குக் கரையை அழித்த ஆழிப்பேரலை எழுந்த எல்லையிலேதான் இந்தியப் புவித்தகடு அந்தமான், சுமாத்திராப் பகுதிகளின்கீழ் அமிழ்கின்றது. அமிழும் கடலடிப் பாறை தன் கனிப்பொருள்களுக்குள் நீரைப் பிணைத்துச் செல்கின்றது. ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஆழத்தை அணுகும்போது வெப்பமும் அமுக்கமும் அந்நீரை வெளியேற்றுகின்றன. அது மேலுள்ள இடையோட்டுப் பாறையுட் புகுகின்றது. அப்பாறை முன்னரே வெப்பமுற்றிருப்பது; நீர் அதன் உருகுநிலையை நூற்றுக்கணக்கான பாகை தாழ்த்துவதால் அது உருகத் தொடங்குகின்றது. அமுக்கத்தின்கீழ் நீர் சேர்ந்தால் கருங்கல்லும் மிகக் குறைந்த வெப்பநிலையில் உருகும் என்பதை டட்டில், போவன் ஆகியோர் 1958இல் வெளியிட்ட பரிசோதனை ஆய்வு நிறுவிற்று. அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு எரிமலை இந்நிகழ்வின் விளைவே. 1787இல் பதிவுபெற்ற அதன் சீற்றம், நெடுநாள் ஓய்வின் பின் 1991இல் மீண்டும் எழுந்தது.

ஒரே தகட்டைச் சார்ந்த ஈரிடங்களில் பாறை இருவேறு வழிகளில் உருகியுள்ளது. இவ்வேறுபாட்டைத் துளைகருவியும் ஆய்வுகூடமும் காட்டின. புராணம் காட்டவில்லை, காட்ட முற்படவுமில்லை. கடல் ஏன் பொங்கி நிலத்தை மூடவில்லை என்பதே புராணம் எழுப்பிய வினா. பாறை ஏன் உருகுகின்றது என்பது வேறு வினா. இரண்டையும் ஒன்றாக்குவது முன்னோரின் கற்பனைக்கும் நீதி செய்யாது, இன்றைய ஆய்வுக்கும் உதவாது. மன்னார்க் கடலடி வளம் எவருக்குரியது என்ற வினா எழும்போது, அக்கடலடியின் மெய்யான வரலாறு கரையோர மக்களுக்கு அவர்தம் மொழியில் தெரிந்திருத்தல் வேண்டும். பழம்பெருமை பேசுவதிலும் இதுவே நமக்குரிய பணி என்போம்.