கனிஷ்கா – 9: அடையாறில் இருந்து ஒரு பயணி

1985 ஜூனில் குண்டு வெடித்துக் கடலில் விழுந்த ஏர் இந்தியா விமானம் கனிஷ்காவின் பயணிகள் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து நான்கு வரி, ஐந்து வரி வரும். அப்பா, அம்மா, பிள்ளைகள். பள்ளி விடுமுறை விட்டதும் தாத்தா பாட்டியைப் பார்க்கக் கிளம்பிய வீடுகள் அவை. எண்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். மொத்தம் செத்தவர்கள் 329 பேர். அவர்களில் 268 பேர் கனடாக் குடிமக்கள். அந்த 268இல் சேராத ஒரு பெயரில் என் கண் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறது. எலவர்த்தி நாயுடம்மா, வயது 62.

டங்கன் காட்டில் கேட்ட வெடிச் சத்தத்தைத் துப்பாக்கிச் சத்தம் என்று கனடா உளவுத்துறை ஆட்கள் எழுதிவைத்ததோடு சென்ற இதழ் முடிந்தது. இந்த வாரம், கனிஷ்கா வழக்கின் 2005 மார்ச் 16ஆம் தேதி தீர்ப்புக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். சதியின் தலைவர் பார்மரையும் குண்டு தயாரித்த ரேயத்தையும் பற்றி எட்டு வாரம் எழுதியாயிற்று. கொன்றவர்களின் பெயர் நமக்கு மனப்பாடம். கொல்லப்பட்டவர்களில் ஒருவரையாவது முழு மனிதராகப் பார்க்காமல் நீதிமன்றத்துக்குள் நுழைய எனக்கு மனம் வரவில்லை. அதுவும் அவர் நம் அடையாறுக்காரர் என்னும்போது.

நாயுடம்மா பிறந்தது குண்டூர் மாவட்டம், தெனாலி வட்டாரத்தில் எலவர்ரு என்ற கிராமம். 1922. விவசாயக் குடும்பம். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் தொழில்நுட்பம் படித்துவிட்டு அந்தப் பையன் தேர்ந்தெடுத்த துறை தோல். அந்தக் காலத்தில் இதன் கனம் என்ன என்று இன்றைய வாசகருக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். செத்த மாட்டின் தோலைத் தொடுகிறவனை ஊருக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்த சமூகம் இது. நிலபுலன் உள்ள வீட்டிலிருந்து, பட்டம் வாங்கிய ஒருவர், தானாக விரும்பி அந்தத் தொட்டியில் கை வைக்கிறார்! அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்துக்குப் போய் அதிலேயே முனைவர் பட்டம் வாங்கித் திரும்பினார். சாதி ஒழிப்பு மேடைகளில் முழங்கிய எத்தனையோ பேரைவிட இந்த மனிதர் செய்தது பெரிய காரியம் என்பது என் கருத்து.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல் பக்கத்து வாசகர்களுக்குத் தோல் ஷாப்பின் வேலையை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சில வரிகள். உப்புப் போட்டு வந்த தோலை முதலில் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். பிறகு சுண்ணாம்புக் குழி. முடி இளகியதும் மரக்கட்டைமேல் விரித்து, இரண்டு கைப்பிடி உள்ள வளைந்த கத்தியால் ஒரு பக்கம் முடியையும் மறுபக்கம் ஒட்டியிருக்கும் சதையையும் வழிப்பார்கள். அடுத்தது ஆவாரம் பட்டைச் சாறு நிரம்பிய தொட்டி. நாட்கணக்கில் அதில் கிடந்து நிறம் ஏறிய தோலைக் கடைசியில் கடுக்காய்ச் சாறில் முக்கி, எண்ணெய் தடவி உலர்த்துவார்கள். முழங்கை வரை சுண்ணாம்பு அரித்த கைகள் இந்த வேலையின் அடையாளம். இப்படி அரைகுறையாகப் பதனிட்ட தோலைத்தான் கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்கு அனுப்பியது. லாபமுள்ள வேலை, அதாவது மெருகேற்றுவதும் செருப்பும் பையும் தைப்பதும், அங்கே நடந்தது.

இந்த அநியாயக் கணக்கை மாற்றத்தான் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1958 முதல் 1971 வரை அதன் இயக்குநர் நாயுடம்மா. பக்கத்திலேயே ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரி. தோல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவன் அங்கே பாடம் கேட்டு, இங்கே தொட்டியில் கை நனைத்துப் பழகினான். ஆராய்ச்சியாளனும் மாணவனும் தொழிற்சாலை முதலாளியும் ஒரே கூரையின்கீழ் பேசிக்கொள்ளும் ஏற்பாடு அது. ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்ததைப் பெரியமேட்டு வியாபாரியும் கிராமத்துத் தொழிலாளியும் பயன்படுத்தாவிட்டால் அது அறிவியலே இல்லை என்ற பிடிவாதம் நாயுடம்மாவுக்கு இருந்தது. 1970களின் தொடக்கத்தில் அரைப் பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கடிவாளம் போட்டு, மெருகேற்றிய தோலும் காலணியுமாக ஏற்றுமதி திசை மாறியதே, அந்த மாற்றத்துக்கு வேண்டிய ஆட்களும் அறிவும் அடையாறில் தயாராக இருந்தன. இன்று ஆம்பூரில் ஷூ கம்பெனி வேனில் ஏறி வேலைக்குப் போகும் பெண்களின் சம்பளத்தில் அவருக்கு ஒரு பங்கு உண்டு என்று சொன்னால் அது மிகையில்லை.

அதன்பின் டெல்லி. 1971 முதல் 1977 வரை அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் தலைமை இயக்குநர். 1981–82இல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத் துணைவேந்தர். பத்மஸ்ரீ. பல நாடுகள் ஆலோசனைக்கு அழைத்தன. அப்படிக் கனடா போயிருந்தவர்தான் 1985 ஜூன் 22ஆம் தேதி சனிக்கிழமை இரவு ஊர் திரும்பக் கிளம்பினார்.

அதே நாள் வான்கூவரில் நடந்தது உங்களுக்குத் தெரியும். டிக்கெட்டுகளுக்கு 3,005 டாலர் ரொக்கம் ஏற்கெனவே கட்டியாயிற்று. எம். சிங் என்ற பெயரில் வந்தவனுக்கு டொராண்டோவுக்கு மேல் இடம் உறுதியாகவில்லை. ஆனாலும் பெட்டியை டெல்லி வரை நேராக அனுப்பு என்று கவுன்டரில் வாதாடினான். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. பெட்டி போனது, ஆள் ஏறவில்லை.

டொராண்டோவில் எக்ஸ்ரே கருவி பாதி வேலையில் பழுதானது. கையில் பிடித்து மோப்பம் பார்க்கும் ஒரு கருவியைக் கொண்டுவந்தார்கள். ஒரு பையருகே அது சன்னமாகச் சத்தம் எழுப்பியது. நீளமான சத்தம் வந்தால்தான் ஆபத்து என்று காவலாளிகளுக்குச் சொல்லப்பட்டிருந்ததால் பை உள்ளே போனது. போலீஸ் மோப்ப நாய்களோ அன்று பயிற்சிக்காக வான்கூவருக்குப் போயிருந்தன. பெட்டி கிளம்பிய அதே வான்கூவர்! ஜூன் மாதம் முழுக்க ஏர் இந்தியாவுக்கு ஆபத்து என்று எச்சரிக்கைகள் வந்தபடி இருந்த நாட்டில் இது நடந்தது. பழுதான உபரி எஞ்சின் ஒன்றை இறக்கைக்கு அடியில் மாட்ட வேண்டியிருந்ததால் விமானம் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகத் தாமதம். தாமதமாகாமல் போயிருந்தால், கணக்குப்படி, குண்டு லண்டன் ஹீத்ரோவில் தரையில் வெடித்திருக்கும். தாமதத்தால் அது அயர்லாந்துக்குத் தென்மேற்கே 31,000 அடி உயரத்தில் வெடித்தது. துணை விமானி பிந்தர் ஒரு சீக்கியர் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். பயணிகளிலும் சீக்கியர்கள் இருந்தார்கள். சீக்கியர்களுக்கு நீதி கேட்கிறோம் என்றவர்கள் யாரைக் கொன்றார்கள் என்று பாருங்கள். பொற்கோயிலில் ராணுவம் நுழைந்ததும், 1984 நவம்பரில் டெல்லித் தெருக்களில் சீக்கியர்கள் எரிக்கப்பட்டதும் மன்னிக்க முடியாத கொடுமைகள். அந்தக் கோபம் நியாயமானது. பார்மர் அந்தக் கோபத்தின் பிரதிநிதி அல்ல. அதைத் திருடிக்கொண்டவர்.

கடலிலிருந்து மீட்கப்பட்ட உடல்கள் 131. மற்றவர்களைக் கடல் திருப்பித் தரவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இன்னும் கொதிக்க வைக்கிறது. கனடாப் பிரதமர் மல்ரோனி தொலைபேசியை எடுத்து ராஜீவ் காந்திக்கு அனுதாபம் சொன்னார். செத்தவர்களில் பெரும்பாலோர் மல்ரோனியின் நாட்டுக் குடிமக்கள். ஆறுதல் சொல்லியிருக்க வேண்டிய வீடுகள் டொராண்டோவிலும் மாண்ட்ரியலிலும் இருந்தன. தோல் நிறத்தைப் பார்த்து துக்கத்தை இன்னொரு நாட்டுக்குப் பார்சல் கட்டிவிட்டார்கள். இந்தியாவிலோ, அவர்கள் கனடாவில் குடியேறியவர்கள்தானே என்ற எண்ணம். நாயுடம்மாவைப் போன்றவர்களுக்கு இரண்டு பக்கமும் கணக்கில் இடமில்லாமல் போனது. விமான விபத்தில் காலமானார் என்று ஒரு வரி எழுதி அவர் வாழ்க்கைக் குறிப்பை முடித்துவிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விபத்தல்ல, கொலை. தெனாலியில் அவர் பெயரில் ஆண்டுதோறும் விருது தருகிறார்கள். தோல் விஞ்ஞானியாக அவரைக் கொண்டாடுகிறோம். பயங்கரவாதம் பறித்த ஒரு மனிதராக அவரைத் தமிழ்நாடு துக்கித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மூன்றரை ஆண்டு கழித்து லாக்கர்பியில் பான் ஆம் விமானம் வெடித்து 270 பேர் செத்தார்கள். அது உலகத்தின் நினைவில் நின்றது. ஊர்மீது விழுந்தது, அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் இருந்தார்கள், அமெரிக்க அரசு விடாப்பிடியாக நின்றது என்று காரணங்கள் சொல்வார்கள். எல்லாம் சரிதான். ஆனால் 2001 செப்டம்பர் 11 வரைக்கும் விமானப் பயங்கரவாதத்தில் அதிக உயிர்களைப் பறித்தது கனிஷ்காதான். அதை விட்டுவிட்டு அந்த வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

யாருக்கும் சொந்தமில்லாத அந்தத் துக்கத்தைச் சொந்தமாக எடுத்துக்கொண்டது அயர்லாந்தின் மேற்கு கார்க் மக்கள். கப்பல்காரர்கள் உடல்களைத் தூக்கினார்கள், கார்க் மருத்துவமனைச் செவிலியர்கள் உறவினர்களைத் தாங்கினார்கள். மறு ஆண்டே அஹகிஸ்டா என்ற கடலோரச் சிற்றூரில் சூரியக் கடிகாரத்தோடு ஒரு நினைவுத் தோட்டம் எழுந்தது. கனடாப் பிரதமர் ஒருவர் அங்கே வந்து நிற்க 20 ஆண்டு பிடித்தது. 2005இல் பால் மார்ட்டின் வந்தார். முறையான மன்னிப்பு 2010இல்தான். அதையும், நீதிபதி ஜான் மேஜர் ஆணையம் அரசின் தவறுகளை அடுக்கி வைத்த பிறகு பிரதமர் ஹார்ப்பர் கேட்டார்.

இப்போது வேறொரு ஆபத்து. நினைவே ஆயுதமாகிறது. 2024 ஜூன் 18 அன்று, காலிஸ்தான் ஆதரவாளர் நிஜ்ஜார் கனடாவில் கொல்லப்பட்ட ஓராண்டு நிறைவுக்குக் கனடா நாடாளுமன்றம் எழுந்து நின்று மௌனம் காத்தது. உடனே வான்கூவர் இந்தியத் துணைத் தூதரகம் கனிஷ்கா அஞ்சலிக் கூட்டத்தை அறிவித்தது. ஒரு சாவுக்கு எதிராக 329 சாவுகளை நிறுத்துகிற விளையாட்டு இது. இரண்டு அரசுகளையும் நான் கண்டிக்கிறேன். கனிஷ்கா குடும்பங்கள் பல ஆண்டுகள் விசாரணை ஆணையம் கேட்டுப் போராடினார்கள். ராஜதந்திரச் சண்டையில் தங்கள் பிள்ளைகளின் பெயர் பகடைக்காயாக வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை.

சீக்கிய சமூகத்துக்குள்ளிருந்தே உண்மையைச் சொல்ல ஒருவர் துணிந்தார். பஞ்சாபிப் பத்திரிகை ஆசிரியர் தாரா சிங் ஹேயர். 1988இல் சுட்டார்கள். உயிர் தப்பினார், கால்கள் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி எழுதினார். குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் குண்டுவெடிப்பில் தன் பங்கைப் பற்றிப் பேசியதைத் தன் காதால் கேட்டதாக 1995இல் போலீசாரிடம் வாக்குமூலம் கொடுத்தார். 1998 நவம்பரில் அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். சாட்சிக் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாததால், அவர் கையெழுத்திட்ட வாக்குமூலம் வழக்கில் செல்லாமல் போனது. குற்றம் சாட்டப்பட்ட மாலிக், பாக்ரி இருவரும் 2005 தீர்ப்பில் விடுதலையானார்கள். தீர்ப்பளித்த நீதிபதி ஜோசப்சன் எந்தச் சாட்சியை ஏன் நம்பவில்லை என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)