மயில் முட்டையும் கோழி அடையும்

தோட்டத்து லயத்தின் பின்புறத்தே நாலு கோழி வளர்ப்போர்க்கு அடை வைக்கும் முறையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயின், ஒரே பெட்டைக்கோழியின் கீழ் மயில் முட்டையையும் கோழி முட்டையையும் ஒருங்கே வைத்து, ஒரே நாளிற் பொரிக்கச் செய்த பண்டை உரோமர்தம் பண்ணைக் கதையை நேயர் பலர் கேட்டிரார்.

கோழி, இம்மலாய் நாட்டுக் காடுகளிலும் திரியும் செங்காட்டுக்கோழியின் வழி வந்தது. நீலமயிலோ இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. இரண்டும் கிழக்கினின்று மேற்கே சென்றவையே. எபிரேய மொழியில் மயிலைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் 'துகி' என்னுஞ் சொல் நம் 'தோகை'யே என்றார் கால்டுவெல் பாதிரியார். அதனை அறிஞர் யாவரும் ஒப்பினாரல்லர். சொற்பெருமை ஒருபுறம் கிடக்க. அப்பறவையைப் பேணியவர் நிலை யாது?

உரோமாபுரியில் மயிலிறைச்சியை முதன்முதல் விருந்திற் படைத்தவன் ஓர்த்தென்சியஸ் என்னும் நாவலன் என்று, கி.மு. 37-ல் வேளாண்மை நூல் செய்த வார்ரோ கூறுகிறார். அதன்பின் விலை ஏறிற்று. முட்டை ஒன்று 5 தெனாரியு. பறவை ஒன்று 50 தெனாரியு. அக்காலப் படைவீரன் ஆண்டு முழுதும் பெற்ற சம்பளமே 225 தெனாரியு! மயிலைக் கொழுக்க வைத்து விற்ற லுர்கோ என்பவன் ஆண்டுக்கு 60,000 செஸ்டர்ஸுக்கு மேல் ஈட்டினானாம்.

இப்பொருள் எவ்வாறு விளைந்தது என்பதை ஏறக்குறைய நூறாண்டு பிற்பட்ட கொலுமெல்லா விரித்துரைக்கிறார். பெப்ரவரி நடுவில், இளவேனில் தலைகாட்டும்போது, அவரை வகைப் பருப்பைத் தணலில் இலேசாக வறுத்து, இளஞ்சூட்டோடு ஐந்து நாளுக்கொருமுறை மயிலுக்கு இடவேண்டும். ஓர் ஆண் மயிலுக்கு ஐந்து பேடு. பேட்டை அடைகாக்க விடாவிடில், அது ஆண்டில் மும்முறை முட்டையிடும். ஆகவே அடைப்பாடு முழுவதும் கோழியின் தலையில் விழுந்தது.

கோழி முட்டை 21 நாளிற் பொரியும். மயில் முட்டைக்கோ ஏறக்குறைய ஒரு திங்கள் வேண்டும். இதற்கு அவர் கண்ட வழி மிக எளியது. முதல் நாள் மயில் முட்டை ஐந்தும் கோழி முட்டை நான்கும் வைக்கவேண்டும். பத்தாம் நாள் அக்கோழி முட்டைகளை நீக்கிப் புதியன நான்கு வைக்கவேண்டும். இரண்டும் ஒருங்கே பொரியும். பெரிய மயில் முட்டையைக் கோழியால் எளிதிற் புரட்டவியலாது. ஆதலின், அது இரைக்கு இறங்கும் நேரம் பார்த்துக் காவலாள் சென்று கையாற் புரட்டவேண்டும். புரட்டியது தெரிய ஒரு பக்கம் மையாற் குறியிடவேண்டும்.

அக்கை யாருடையது? பெரும்பாலும் அடிமையினுடையது. பண்ணைக் கருவிகளை வகுக்குமிடத்து வண்டியை ஊமைக் கருவி என்றும், எருதை அரைகுறையாக ஒலிக்குங் கருவி என்றும், அடிமையைப் பேசுங் கருவி என்றும் எழுதியவர் அதே வார்ரோ. செயுஸ் என்னும் பண்ணைக்காரன், பேடு ஒன்றுக்கு மூன்று குஞ்சு என்று மேலாளிடம் கணக்குக் கேட்டான். மேலாள் அதனை யாரிடம் கேட்டிருப்பான் என்பது, பால் நிறுத்துக் கணக்குக் கொடுத்தறிந்த நம்மவர்க்குச் சொல்லாமலே விளங்கும்.

பொரித்த 35-ஆம் நாள் குஞ்சுகளை வயலுக்கு அழைத்துச் செல்லலாம். மேய்ப்போன் தாய்க்கோழியைக் கூண்டில் அடைத்துச் சுமந்து செல்வான்; அது கொக்கரிக்க, மயிற்குஞ்சுகள் பின்னே ஓடும். வயலில் அதனைத் திறந்துவிட்டு, காலில் நீண்ட கயிறு கட்டிப் பிடித்திருப்பான். குஞ்சுகள் அதனைச் சுற்றி மேயும். வயிறு நிறைந்தபின் மீண்டும் கூண்டேற்றித் திரும்புவான்.