கொம்பு முன்னாடி வந்த காலம்

அலமாரியைக் கிளறினப்போ சித்தப்பாவோட பழைய சி.டி. ஒண்ணு கிடைச்சுது. வேளாங்கண்ணியில ஒரு பிரௌசிங் சென்டர்ல வேலை பார்த்தவர். 2004 டிசம்பர் 26, சுனாமியோட போயிட்டார். எனக்கு அப்போ ஏழு வயசு.

சி.டி.யில ஒரே ஒரு டெக்ஸ்ட் கோப்பு. திறந்தா கால், முக்கால் பின்னங்களும் தலையில கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளும்தான். பழைய வலைப்பதிவர்கள் பார்த்தவுடனே சொல்லிடுவீங்க, திஸ்கி!

ஒரு பைட்ல 256 இடம். முதல் 128 ஆங்கிலத்துக்குப் போயிடுச்சு. மிச்சத்துல தமிழை அடைக்க ஆளுக்கொரு வழி வச்சிருந்தாங்க. 90-களின் கடைசியில இணையத் தமிழர்கள் மின்னஞ்சல்லயே சண்டை போட்டு, பேசி உருவாக்கினதுதான் திஸ்கி. 1999-ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி தமிழக அரசு டாம், டாப்னு வேற ரெண்டு கொண்டு வந்தது. யூனிகோட்ல 1991-லயே தமிழ் இருந்துச்சு; விண்டோஸ் 98-க்கு அது புரியணுமே :-) அரசு யூனிகோடை ஏத்துக்கிட்டு ஆணை போட்டது 2010-ல.

சரி, ஜாவாவுல படிக்கலாம்னு உட்கார்ந்தேன். இதை நேரா ஸ்ட்ரிங்கா வாசிக்கவே கூடாது. யூடிஎஃப்-8-னு நினைச்சுக்கிட்டு, புரியாத பைட்டையெல்லாம் கேள்விக்குறியா மாத்திடும். அப்படியே சேமிச்சா மூலம் போயே போச்சு. பைட்டாவே எடுத்தேன். திஸ்கியில 'அ' 171. எனக்கு வந்தது -85! ஜாவா பைட்டுக்கு -128-லேர்ந்து 127 வரைதான் தெரியும். 255-ஓட ஆண்ட் போட்டு இன்ட்டா மாத்தினதும் 171 ஆச்சு. பைட்டுக்கு எதுக்குய்யா மைனஸ்?

அட்டவணை போட்டு மாத்தினேன். முக்காவாசி படிக்க முடிஞ்சுது, ஆனா கொம்பு வர்ற இடமெல்லாம் நாசம். திஸ்கி கண்ணுக்குத் தெரியற வரிசையில எழுதும். 'கொ'ன்னா 166, 184, 161: கொம்பு, க, கால். யூனிகோட்ல க முதல்ல, அப்புறம்தான் உயிர்க்குறி. கொம்பைப் பார்த்தா கையில வச்சுக்கிட்டு, அடுத்த மெய்யை எழுதிட்டு, பின்னாடியே கால் வருதான்னு பார்த்து ஒட்டணும். இருபது வரி நிரல், ஒரு ராத்திரி.

அப்பா வளைகுடாவுல இருந்தப்போ அவருக்கு எழுதின கடிதம் அது. அதுவரைக்கும் உடைஞ்சு கிடந்த கடைசி வரி இப்போ சரியா வந்துச்சு: "அண்ணே, இந்த வருசம் கொடியேத்தத்துக்காவது வந்துடு."

அச்செடுத்து அப்பாகிட்ட கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிக்கிட்டு உள்ளே போனவர் ரொம்ப நேரம் வெளியே வரலை.