பரிசல் துறைப் பதிவேடு

என் மகள் வயிற்றுப் பேரன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். போன சித்திரையில் ஊருக்கு வந்தபோது காரின் பின்பக்கத்திலிருந்து ஒரு பெரிய பையை இறக்கினான். உள்ளே மடித்து வைத்த ரப்பர்த் துணி. காலால் மிதித்துக் காற்றடித்ததும் ஆள் நீளத்துக்கு ஒன்றரை மடங்கு படகு ஒன்று வாசலில் எழுந்து நின்றது. கயாக் என்றான். கிரீன்லாந்துப் பக்கத்து இனுயிட் மக்கள் சீல் தோலைப் போர்த்திச் செய்த வேட்டைப் படகுக்குப் பேர் அது. நம்மூர்ப் பரிசலும் ஒரு காலத்தில் தோல் போர்த்தியதுதான். அதைச் சொன்னதும் பயல் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏனுங் அப்புச்சி, மேட்டூருக்குக் கீழ எறங்கி மோகனூர் வரைக்கும் ஆத்துலயே போயிரலாமுங்களா? எனக்கு நாலு நாள் லீவு இருக்குதுங்க."

செயற்கைக்கோள் படத்தைத் தாள் தாளாக அச்செடுத்து வைத்திருந்தான். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அதில் தெரிகிறது. படகைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு எங்கே இறங்கலாம், சாயங்காலம் எங்கே கரையேறலாம் என்பது தெரியவில்லை. அதைத்தான் என்னிடம் கேட்டான். எனக்கு உள்ளூர ஒரு சிரிப்பு. அவன் தேடும் அந்தப் பட்டியலை ஒரு காலத்தில் என் மேஜையில் வைத்திருந்தேன்.

என் பள்ளிப் படிப்பு பிரெஞ்சில் என்று இங்கே முன்பே எழுதியிருக்கிறேன். அப்பாவுக்குப் புதுச்சேரியில் பஞ்சாலை வேலை. 'ப்ரெவே' முடித்துவிட்டு, பிறகு தனியாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, தேர்வாணையப் பரீட்சை வழியாக எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பூர்விகப் பக்கமே இளநிலை உதவியாளராக வந்து சேர்ந்தேன். அன்று அது முழுக்கச் சேலம் ஜில்லா. நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்து இயங்கத் தொடங்கியது 1997 ஜனவரியில்தான். என் தமிழ்க் கையெழுத்தைப் பார்த்துத் தலைமை எழுத்தர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் பூகோளம் எனக்கு நன்றாக வரும். பிரெஞ்சில் கடலில் போய்க் கலக்கும் ஆற்றுக்கு 'ஃப்ளோவ்' என்று ஒரு பேர். இன்னோர் ஆற்றில் கலப்பதற்கு 'ரிவியேர்' என்று வேறு பேர். அந்தக் கணக்கில் காவிரி ஃப்ளோவ். பவானியும் நொய்யலும் திருமணிமுத்தாறும் ரிவியேர். இந்த வித்தியாசத்தை ஆபீசில் ஒருமுறை விளக்கப் போய், சில வருஷம் எனக்கு 'ஃப்ளோவ் சார்' என்றே பேர் இருந்தது.

நான் சேர்ந்தது ஆற்றோரத்து ஊராட்சி ஒன்றிய அலுவலகம் ஒன்றில். எனக்குத் தந்த இருக்கையில் சந்தை ஏலம், மீன்பாசி ஏலம், புளியமர மகசூல் ஏலம், அதோடு பரிசல் துறை ஏலம். துறை ஏலம் பழைய சங்கதி. சென்னை மாகாணத்தில் கால்வாய்களுக்கும் பொதுப் படகுத்துறைகளுக்குமாக 1890இலேயே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். ஜில்லா போர்டு காலத்தில் நடந்த ஏலம், பின்னால் பஞ்சாயத்து யூனியன்கள் வந்ததும் அவற்றின் கைக்கு வந்தது. என் மேஜையில் இருந்தது காலிகோ அட்டை போட்ட தடிப் பதிவேடு. துறையின் பெயர், எதிர்க்கரை ஊர், துறைக்குப் போகும் தடம், குத்தகைதாரர், குத்தகைத் தொகை, எத்தனை பரிசல், ஒரு பரிசலில் எத்தனை பேர் ஏறலாம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். கட்டணப் பலகை ஒன்றும் கரையில் வைக்க வேண்டும்: ஆளுக்கு இவ்வளவு, தலைச்சுமைக்கு இவ்வளவு, ஆட்டுக்கு, சைக்கிளுக்கு இவ்வளவு என்று.

துறை என்பது நினைத்த இடத்தில் அமைவது அல்ல என்பதை அந்தப் பதிவேட்டோடு ஆற்றங்கரைக்குப் போய்ப் போய்த்தான் தெரிந்துகொண்டேன். பரிசல் வட்டம், அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மூங்கில் பிளாச்சுகளைக் கூடை மாதிரி முடைந்து, அடியில் தோல் போர்த்தினார்கள். பிறகு சாக்கும் தாரும், பிளாஸ்டிக் தாளும் வந்தன, இன்று ஃபைபர். ஒற்றைத் துடுப்புதான். நேராக எதிர்க்கரையைப் பார்த்துத் தள்ளினால் இழுப்பு கீழே கொண்டுபோய்விடும். அதனால் மேலே ஓர் இடத்தில் ஏறி, கோணலாகப் போய், கீழே ஓர் இடத்தில் இறங்குவார்கள். ஆட்கள் இறங்கியதும் பரிசல்காரர் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையோரமாகவே மேலே நடப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பெரிய ஆமை இரண்டு காலில் நடப்பது போல இருக்கும். ஆக ஒரு துறைக்குக் கரைக்கு இரண்டாக நாலு இடம் வேண்டும். நாலிலும் பாறை இருக்கக் கூடாது, சேறு ஆழமாக இருக்கக் கூடாது, கரை சரிவாக இறங்க வேண்டும், பின்னாலேயே சந்தைக்கோ கோயிலுக்கோ ஓர் இட்டேரி இருக்க வேண்டும். இத்தனையும் கூடிய இடங்களைத்தான் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள். பேரன் செயற்கைக்கோள் படத்தில் தேடியது இதைத்தான்.

இந்தத் துறைகளைத் தின்றவை பாலங்கள். பாலம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பிரசவ வலியோடு ராத்திரி ஆற்றைக் கடந்த பெண்களின் கதை ஊருக்கு ஊர் உண்டு. 1862இல் ரயில் சங்ககிரியிலிருந்து ஈரோட்டுக்கு ஆற்றைத் தாண்டிப் போனது. அப்புறம் பவானிக்கும் குமாரபாளையத்துக்கும் இடையில், ஈரோட்டுக்கும் பள்ளிபாளையத்துக்கும் இடையில், பரமத்தி வேலூரில் என்று சாலைப் பாலங்கள் வந்தன. மோகனூரிலிருந்து வாங்கலுக்குப் பாலம் வந்தது இந்த நூற்றாண்டில்தான். அதுவரை மழைக்காலத்தில் பரிசல், கோடையில் மணலில் நடை. ஒரு பாலம் திறந்தால் பக்கத்துத் துறையை ஏலம் கேட்க ஆள் வராது. மூன்று தடவை அறிவிப்புப் போட்டும் ஆள் வராவிட்டால் பதிவேட்டில் சிவப்பு மையில் ஒரு கோடு.

அந்தக் கோடுகளில் ஒன்று நான் போட்டது. எண்பதுகளில் நடந்தது, துறையின் பெயர் வேண்டாம். கடைசிக் குத்தகைதாரர் அறுபது வயதுக்காரர், ஒரு மனுவோடு வந்தார். தொகையைக் குறைக்கச் சொல்லி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "பரிசல் நின்னா நிக்கட்டுமுங்க. தடத்தை மட்டும் உட்றாதீங்க சார். வருசா வருசம் யூனியன்ல முள்ளு வெட்டி உடுவாங்க பாருங்க, அதை நிறுத்தீட்டா ரண்டே வருசத்துல ஆத்துக்குப் போக வழி இருக்காதுங்க" என்றார். மனுவைப் படித்தேன். 'துறை குத்தகையில் இல்லாததால் பாதைப் பராமரிப்பு அவசியமில்லை. கோப்பில் சேர்க்கலாம்' என்று குறிப்பு எழுதி மேலே வைத்தேன். கையெழுத்தாகி வந்துவிட்டது. விதிப்படி அதில் பிழை இல்லை. ஆனால் அவர் கேட்டது விதி அல்ல.

பேரனோடு கார் எடுத்துக்கொண்டு மேட்டூரிலிருந்து கீழ்நோக்கி இரண்டு நாள் சுற்றினேன். 1925இல் கட்டத் தொடங்கி 1934இல் முடித்த மேட்டூர் அணையோடு ஆற்றின் கதை தீர்ந்துவிட்டதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அணைக்குக் கீழேதான் இன்றைய ஆறு வேறு மாதிரி ஆகியிருக்கிறது. மின்சாரத்துக்காகக் கதவணைகள்: செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை; பவானிக்குக் கீழே சமயசங்கிலி, வெண்டிபாளையம், சோழசிராமணி. ஒவ்வொன்றிலும் 15 மெகாவாட் இயந்திரம் இரண்டு. ஓடிக்கொண்டிருந்த ஆறு இன்று படிக்கட்டு வைத்த குளங்களாக நிற்கிறது. கயாக்காரனுக்கு அதில் பாதி லாபம், பாதி நஷ்டம். கோடையிலும் தேங்கின தண்ணீர் கிடைக்கிறது. ஆனால் ஏழு இடத்தில் கரையேறி, படகைச் சுமந்து, சுற்றிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். பள்ளிபாளையம் பக்கம் ஆகாயத்தாமரை மண்டிவிட்டால் துடுப்பே போடமுடியாது.

கதவணையைப் பார்த்ததும் எனக்குப் புதுச்சேரி வகுப்பறைதான் ஞாபகம் வந்தது. தெற்குப் பிரான்சில் 'கனால் து மிதி' என்று 240 கிலோமீட்டர்க் கால்வாய். 1681இல் திறந்தது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையில் 'எக்ளூஸ்' என்று நீர்ப்பூட்டு அறைகள் வைத்திருக்கிறார்கள். படகு உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்தித் தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இது வெள்ளைக்காரன் நாட்டில் மட்டும் உள்ளது என்று அப்போது நினைத்தேன். அப்படியில்லை. ஆர்தர் காட்டன் 1852இல் கோதாவரியில் தவளேஸ்வரம் அணைக்கட்டை முடித்தபோது படகு போகப் பூட்டு அறைகளும் சேர்த்தே கட்டினார். நம்முடைய ஏழு கதவணையில் எதிலும் படகுக்கு அப்படி ஒரு வழி நான் பார்க்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2016ஆம் வருஷத்துத் தேசிய நீர்வழிகள் சட்டத்தில் காவிரி-கொள்ளிடத்துக்கு 55ஆம் எண் கொடுத்திருக்கிறார்கள். ஊராட்சிக்கோட்டைக் கதவணையில் தொடங்கிக் கடல் வரை 364 கிலோமீட்டர். பவானி ஆற்றுக்கு 20ஆம் எண். பேரன் கைப்பேசியில் இதைப் படித்துவிட்டுக் கதவணைக் கம்பி வேலி ஓரம் நின்றுகொண்டு, "அப்புச்சி, நாம இப்ப நேசனல் ஹைவேயில நிக்கறமுங்க" என்றான்.

இன்னும் உயிரோடு இருக்கும் துறைகளும் உண்டு. பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் நடுவில் விசைப்படகு ஓடுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், பைக், காய்கறி மூட்டை எல்லாம் ஏறுகின்றன. கதவணைப் பராமரிப்புக்காகத் தண்ணீரை இறக்கும் நாட்களில் மட்டும் படகு நிற்கும். கயாக்கை இறக்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்று முதல் குறியை அங்கே போட்டோம். கல்வடங்கத்தில் ஆடிப் பதினெட்டுக்கு ஜனம் இறங்கும் கரை இருக்கிறது. பவானியில் கூடுதுறை, ஊர்ப்பேரைப் போலவே பழகின பேர், ஆனால் திதி கொடுக்கிறவர்கள் நடுவில் கயாக்கைக் கொண்டுபோய் நிறுத்த மனசு வராது. எதிர்க்கரையில் குமாரபாளையம் பக்கம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். ஜேடர்பாளையத்தில் படுகை அணை. ராஜா வாய்க்கால் அங்கேதான் பிரிகிறது. பூங்காவும் படகுச் சவாரியும் இருப்பதால் கரையேறுவது சுலபம். நஞ்சை இடையாறில் திருமணிமுத்தாறு வந்து சேருமிடம் சாக்கடை நாற்றம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

நான் கோடு போட்ட துறைக்கு இரண்டாம் நாள் மத்தியானம் போனோம். கிராம வரைபடத்தின் நகல் என்னிடம் இருந்தது. அதில் வண்டிப்பாதை என்று இரட்டைப் புள்ளிக்கோடு ஆறு வரைக்கும் போகிறது. 'அ' பதிவேட்டிலும் அது பாதைப் புறம்போக்குதான். தரையில் வந்து பார்த்தால் பாதி தூரத்தில் கம்பி வேலி, அதற்குள் மோட்டார் ரூம், அதற்கப்பால் வாழை. காட்டுக்காரம்மா வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னதும் கோபிக்கவில்லை. "எங்க மாமனார் இருக்கறப்ப இங்க பரிசல் போச்சுங்களாமா. நாங்க வாங்கறப்பவே தடம் முள்ளடிச்சுக் கெடந்துச்சுங்க. பையன் படகு உடறதுன்னா உட்டுட்டுப் போகட்டுமுங்க, வாழையில மட்டும் கால் வெக்காம" என்றார். வாழை ஓரமாக நடந்து போனோம். கரையில் பழைய கட்டணப் பலகையின் கல்தூண் சாய்ந்து கிடந்தது, எழுத்து எல்லாம் போய்விட்டது. கரை அதே சரிவு, கீழே அதே மணல். பரிசல்காரர் சொன்ன இரண்டு வருஷம் நாற்பது வருஷம் ஆகிவிட்டது.

பேரன் அந்த இடத்தையும் குறித்துக்கொண்டான். ஒருவர் தயவில் கிடைத்த வழியைப் பயணத் திட்டத்தில் எழுதலாமா என்று எனக்குச் சந்தேகம். அந்தம்மா காட்டை விற்றுவிட்டால்?

நாள் குறிப்பதிலும் சிக்கல். ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை டெல்டாவுக்குத் தண்ணீர் விடும் காலம். அணை நிரம்பி உபரி நீர் வந்தால் ஆறு மனுஷனுக்கானது இல்லை. 2018 ஆகஸ்டில் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் வீட்டுக்குள் வந்த தண்ணீரைப் பார்த்தவன் நான். ஜனவரி 28க்குப் பிறகு போனால் வேலூருக்குக் கீழே பாறையும் மணலும்தான். ஆகவே மழை ஓய்ந்து, தண்ணீர் அளவாக வரும் மார்கழிக் கடைசி, தை முதல் வாரம் என்று வைத்திருக்கிறோம். கதவணைக்கு மேலும் கீழும் நெருங்கக் கூடாது. மதகு திறப்பது கரைக்காரனுக்குத் தெரியும் முன்பே தண்ணீருக்குத் தெரிந்துவிடும். உயிர்காப்புச் சட்டை போடாமல் காலை நனைக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

அனுமதி கேட்டு மூன்று மனு எழுதினேன், கையாலேயே. நான்காவது மனு அந்த வண்டிப்பாதைக்கு: பாதைப் புறம்போக்கை அளந்து கல் நட்டு, வாழைக்குச் சேதம் இல்லாமல் ஆள் போகும் அகலத்துக்காவது விட வேண்டும் என்று. பார்வை என்ற இடத்தில் பரிசல் துறைப் பதிவேடு என்று போட்டிருந்தேன். தபால் வாங்கின பெண் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட இருக்காது. அந்த வரியில் விரலை வைத்து, "இப்பிடியொரு பதிவேடு நம்ம ஆபீசுல இருக்குதுங்களா சார்?" என்று கேட்டாள். பதிவறையில் கிழக்குச் சுவர் அலமாரி, கீழ்த்தட்டு, காலிகோ அட்டை என்று சொன்னேன். திங்கட்கிழமை தேடிப் பார்க்கிறேன் என்றாள்.